பூ ரூமில் தங்கி வந்த கிடார்

நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வீட்டு ஸ்டோர் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தால் என்ன நினைப்பீர்கள்?

உள்ளே நகை இருக்கிறது என்று நினைப்பீர்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா, நான் மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனோ என்றே சந்தேகப்பட்டாராம். நல்லவேளை, மாமியார் கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். போன் போட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் எதிர்வீட்டுக்கு நிம்மதி.

உள்ளே இருந்தது ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு கிடார். அது சூடாகட்டும் என்று நான் காத்திருந்தேன்.

மதுரையில்... அக்னி நட்சத்திரத்தில்... ஒரு பொருள் சூடாகட்டும் என்று காத்திருந்த ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் கிடார் கற்றுக்கொள்கிற கதை உங்களில் பலருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். "இந்த வயதில் எதற்கு?" என்று நாலைந்து பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். எல்லாம் ஆண்கள். பெண்கள் எழுதிய கடிதங்களில் ஒரே கேள்விதான் - "கிளாஸ் எத்தனை மணிக்கு?"

அப்போது உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் இடது கைக்காரி.

எழுதுவது வலது கையால்தான். ஆனால் அது என் முடிவு இல்லை. இரண்டாம் வகுப்பு டீச்சரின் மர ஸ்கேல் எடுத்த முடிவு. சாப்பிடுவதும் வலது கை. அது அம்மா எடுத்த முடிவு. காய் நறுக்குவது, பூட்டைத் திறப்பது, பல் தேய்ப்பது, கோபம் வந்தால் பாத்திரத்தை 'ணங்' என்று வைப்பது... இதெல்லாம் இடது கை. நாலு பேர் பார்க்காத வேலையை மட்டும் அது செய்துகொள்ளலாம் என்று வீட்டில் ஓர் எழுதாத ஒப்பந்தம்.

ஒன்பது வயதில் அந்த ஒப்பந்தத்தை மீறினேன். தீபாவளிக்கு அப்பாவின் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். தட்டில் லட்டு. ஒன்றை எடுத்து ஆசையாக அவரிடம் நீட்டினேன். இடது கையால்.

அவர் வாங்கவில்லை. வாங்க வந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பாய்ந்து வந்து, அத்தனை பேர் முன்னால், என் புறங்கையில் ஒன்று போட்டாள். "எந்தக் கையில குடுக்குறதுன்னு தெரியல?"

அடி வலிக்கவில்லை. நீட்டிய லட்டு நீட்டியபடியே அந்தரத்தில் நின்றதே, அதுதான் வலித்தது. கூனிக் குறுகிப் போனேன். இன்றைக்கும் யாருக்காவது இனிப்புக் கொடுக்க வேண்டியிருந்தால், ஒரு நொடி நின்று, எந்தக் கை என்று பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறேன்.

கிடார் இந்த விஷயத்தில் அம்மாவைவிடக் கறார். கம்பியை மீட்டுவது வலது கையாகத்தான் இருக்க வேண்டும்.

பசுமலையில் எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஸ்டெல்லா மிஸ். வயது இருபத்து நாலு. அவர் என்னை 'அக்கா' என்பார், நான் அவரை 'மிஸ்' என்பேன். முதல் நாள் கிடாரை மடியில் கொடுத்தார். என்னையறியாமல் தலைகீழாகப் பிடித்தேன். "மாத்திப் பிடிங்கக்கா" என்றார். மாற்றிப் பிடித்தேன். வலது கை மரத்துப்போன மாதிரி கம்பி மேல் கிடந்தது. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது.

மூன்றாவது வாரம் மிஸ் கேட்டார். "அக்கா, நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

என்னிடம் ஒருவர் அதைத் திட்டாமல் கேட்டது, என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மிஸ் தன் பழைய கிடாரில் கம்பிகளைக் கழற்றி, வரிசையை மாற்றிப் போட்டுத் தந்தார். வாசிக்க வந்தது! ஆனால் அந்தக் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் வலது கைக்காரர்களுக்காக வெட்டியவை. தடித்த கம்பிக்கு மெல்லிய பள்ளம். மெல்லிய கம்பிக்கு அகலப் பள்ளம். கம்பி நகரும், சுருதி ஓடிப்போகும். இரவல் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிற கதைதான்.

மதுரையில் ஏறாத கடை இல்லை. "இடது கைக்குன்னு தனியா வாரதில்லீங்க மேடம். பழகுனா வந்துரும்" என்றார்கள். பழகினால் வந்துவிடும்! இதைத்தானே பிறந்ததிலிருந்து கேட்கிறேன்? எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. கடைசியில் பெங்களூரில் ஒரு கடைக்காரர், வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றார். ஒன்றே ஒன்று. அதற்கே ஐந்து மாதம் ஆனது.

அந்த ஒன்றுதான் போன வாரம் வியாழக்கிழமை விமானத்தில் மதுரைக்கு வந்து இறங்கியது. அன்றைக்கென்று நான் ஊரில் இல்லை. காரைக்குடியில் ஒரு கல்யாணம். சனிக்கிழமைதான் திரும்புகிறேன். ஞாயிறு சாயங்காலம் ஸ்டெல்லா மிஸ்ஸின் மாணவர்கள் எல்லோரும் மேடையில் வாசிக்கிற நிகழ்ச்சி. சனிக்கிழமை பெட்டியைப் பிரித்து, ஒரு முழு நாள் பழகி, ஞாயிறு புது கிடாரோடு மேடையேறுவது - இது என் திட்டம்.

விமான நிலையத்தில் பெட்டியை யார் வாங்கி வைப்பது? ஷாஜகான் அண்ணன்தான். வேறு யார்?

ஷாஜகான் அண்ணன் என் கணவரோடு படித்தவர். நான் அவருக்குத் தங்கச்சி. அதனால் என் கணவர் அவருக்கு மாப்ள. பூ வியாபாரம். அவனியாபுரத்தில், ஏர்போர்ட் போகிற வழியில் தகர ஷெட். மல்லிகையை ஐஸோடு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்புகிறவர். கார்கோ ஆபீசுக்குத் தினம் இரண்டு நடை போய் வருபவருக்கு என் பெட்டி ஒரு பாரமா?

வியாழன் மதியமே போன் வந்துவிட்டது. "தங்கச்சி, பெட்டி வந்துருச்சு. எம்புட்டு வெயிலுங்கிற! நீ ஒண்ணும் கவலப்படாத. பத்திரமா வச்சிருக்கேன். நீ கல்யாணத்த நல்லபடியாப் பாத்துட்டு வா."

பத்திரமாக! அந்த ஒரு வார்த்தையை நம்பி, மூன்று வேளையும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நானும் என் கணவரும் ஷெட்டுக்குப் போனோம். தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. "பெட்டி எங்கண்ணே?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல். அண்ணன், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிற தோரணையில் நடந்துபோய், ஷெட்டின் கடைசியில் இருந்த கனத்த கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் வந்து அறைந்தது.

அது பூக்களை வைக்கும் கோல்டு ரூம். சுற்றிலும் கூடை கூடையாக மல்லிகை மொட்டு. நடுவில், பலகை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, என் கிடார்ப் பெட்டி.

"பெட்டி மேல பாரு தங்கச்சி" என்றார் அண்ணன். "சூரியன் படத்தப் போட்டு, குறுக்க கோடு கிழிச்சிருக்கான். சூடு ஆகாதுன்னு அர்த்தம். நம்ம ஷெட்டு தகரக் கூரை. வெளிய வச்சா வெந்துரும். அதான் பூ ரூம்லயே வச்சுட்டேன். நாலு டிகிரி! மல்லிகப் பூவவே வாடாம வச்சிருக்கேன், மரத்த வச்சுக்க மாட்டனா?"

இப்படி ஓர் அன்புக்கு என்ன பதில் சொல்வீர்கள்? என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். இருபது வருஷ அனுபவம்.

எனக்குக் கிடாரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இது சரியில்லை என்று பட்டது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. இரண்டு நாளாக உள்ளே கிடக்கிறது. வெளியே வெயில் நாற்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. செல்போனை எடுத்துப் பெங்களூர்க் கடைக்காரரைப் பிடித்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"மேடம்... திறந்துட்டீங்களா?"

"இல்லைங்க."

"தயவுசெஞ்சு திறந்துராதீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச கண்ணாடி டம்ளர எடுத்து, உடனே கொதிக்கிற காப்பிய ஊத்துவீங்களா? அதே கதைதான். மரம் ஒரு வேகத்துல விரியும், மேல பூசியிருக்கிற வார்னிஷ் ஒரு வேகத்துல விரியும். மேல எல்லாம் கோடு கோடா வெடிச்சிரும். மரமே வெடிச்சாலும் வெடிச்சிரும். சூட்டுக் காத்து பட்டதும் தண்ணி வேற கோக்கும்."

"இப்ப என்ன செய்யறது?"

"பெட்டிய மூடினபடியே வீட்டுக்குள்ள வைங்க. ஃபேன் வேண்டாம், ஏசி வேண்டாம், வெயில் கூடவே கூடாது. இருபத்து நாலு மணி நேரம். அது தானா நிதானத்துக்கு வரணும்."

"நாளைக்குச் சாயங்காலம் நான் வாசிக்கணுங்க!"

"மேடம், இன்னொண்ணு வரவழைக்க எவ்வளவு நாளாகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஐந்து மாதம். அதுவும் கிடைத்தால்.

போனை வைத்தேன். ஷாஜகான் அண்ணன் முகம் தொங்கிப் போயிருந்தது. "கெடுத்துப்புட்டனா தங்கச்சி?" என்றார். ஐம்பதை நெருங்குகிற மனுஷர், ஹோம்வொர்க் செய்யாத பையன் மாதிரி நின்றார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கடைக்காரர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! இது பூவோட நியாயம்ல!"

"என்னண்ணே சொல்றீங்க?"

"பூவக் குளிருல இருந்து எடுத்ததும் வெளிக்காத்துல பிரிச்சம்னு வையி, கால் மணி நேரத்துல அம்புட்டு மொட்டும் பழுத்துப் போகும். மூடுன பெட்டிய மூடுனபடியே நெழல்ல கொஞ்ச நேரம் கெடத்தித்தான் பிரிப்போம். தெனம் செய்யற வேலை! மரமும் ஒரு காலத்துல பூத்ததுதான? எனக்குப் புத்தி வேணாமா?"

அந்த நிமிஷத்திலிருந்து பொறுப்பு அவர் கைக்குப் போய்விட்டது. நான் வேடிக்கை பார்க்கிற ஆள்.

முதலில் பெட்டியைக் கோல்டு ரூமுக்கு வெளியே இருக்கிற சின்ன அறைக்கு நகர்த்தினார். அங்கே ஐஸ் உடைப்பார்கள், அதனால் பாதிக் குளிர். அங்கே ஒரு மணி நேரம். பிறகு ஷெட்டில் பூப்பெட்டிகளின் நிழலில் ஒரு மணி நேரம். வெயில் தாழ்ந்த பிறகு, மினி வேனில் சாக்கு விரித்து, நாலு பக்கமும் காலித் தெர்மோகோல் பெட்டிகளை அண்டக் கொடுத்து ஏற்றினார். மேலே இன்னொரு சாக்கு. தல்லாகுளம் வரை வேன் ஊர்ந்தது. பின்னால் ஸ்கூட்டரில் நாங்கள். பெட்டியை எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இறக்கும்போது மணி ஆறரை. வீட்டிலேயே வெயில் எட்டாத அறை அதுதான்.

"நாளைக்கு ஆறரை" என்றார் அண்ணன், விரலை நீட்டி. "ஒரு நிமிஷம் முன்னால தொடக் கூடாது."

நிகழ்ச்சி ஐந்து மணிக்கு ஆரம்பம். ஸ்டெல்லா மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"உங்களைக் கடைசியாப் போடுறேன்க்கா. ஏழு மணி வரைக்கும் இழுத்துரலாம். ஆனா கையில எடுத்துப் பாக்காத கிடார்ல எப்படிக்கா? பழசுலயே வாசிச்சிருங்களேன். அதுல நீங்க நல்லாத்தான வாசிக்கிறீங்க?"

"இல்ல மிஸ். வாசிச்சா அதுலதான். அதுல முடியாதுன்னா நான் கீழ உக்காந்து கை தட்டுறேன்."

ஏன் இந்த வீம்பு? எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பி மாற்றிய கிடாரோடு நான் மேடையில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் 'இந்தம்மா தலைகீழாப் பிடிச்சிருக்கு' என்பார்கள். ஒரே ஒரு தடவை, நான் நேராகப் பிடித்திருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன். ஒரே நாளில் அவசரப்பட்டு அதை வெடிக்க விடுவேனா?

ஞாயிறு காலை ஆறு மணிக்கே நாற்காலியைப் போட்டுவிட்டேன்.

முதல் சோதனை சமையல். துவரம்பருப்பு ஸ்டோர் ரூமுக்குள். புளி உள்ளே. அப்பளம் உள்ளே. கதவைத் திறந்தால் வெப்பக் காற்று போகும் என்பது என் கட்சி. அட்டைக்குள் கிடக்கிற கிடாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று இப்போது புரிகிறது. ஆனால் அன்றைக்கு, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "நம்ம வீட்ல பருப்ப ஐ.சி.யூ.வுல வச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஓட்டலுக்குத் தூக்குச்சட்டியோடு கிளம்பினார்.

இரண்டாவது சோதனை எதிர்வீட்டு அம்மா. மாமியார் சந்தேகம் தீர்ந்த கையோடு பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். "புதுச் சாமான வாங்கிட்டுப் பிரிக்காம வைக்கலாமா? நாலரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள பொட்டு வச்சுப் பிரிச்சிரு" என்றார். ராகு காலம் ஆறு மணிக்கு முடிகிறது, நான் பிரிக்கப்போவது ஆறரைக்கு என்றேன். பஞ்சாங்கத்தைத் திரும்பப் பார்த்தார். "அப்ப சரி" என்று போய்விட்டார். பெங்களூர்க் கடைக்காரர் நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார் போல!

மூன்றாவது சோதனைதான் பெரியது. என் மகள் நித்யா.

குளித்துவிட்டு வருவதற்குள், பத்தே நிமிஷம்... ஸ்டோர் ரூம் கதவு திறந்திருக்கிறது. நித்யா பெட்டி முன் குத்துக்காலிட்டு, டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் மாடிப் போர்ஷன்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓரத்துல மட்டும் பிரிச்சு என்ன கலர்னு பாக்கலாம்னும்மா. அதுக்குப் போய் இந்தக் கத்துக் கத்துற? ஒரு கிடாருக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?"

ப்ளஸ் டூ முடித்த பெண். முகம் சிவந்துபோய் நிற்கிறாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அவளுக்கு நான் எதையும் சொன்னதே இல்லையே.

அன்றைக்குச் சொன்னேன். ஸ்கேல், சாப்பாடு, லட்டு... எல்லாம். மகளிடம் இதைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருஷம்? வெட்கம்தான். அடித்தவர்கள் படவேண்டிய வெட்கத்தை அடிபட்டவர்கள் சுமந்துகொண்டு திரிவது ஓர் அதிசயம் இல்லையா?

நித்யா, தான் சுரண்டிய டேப்பை விரலால் நீவி ஒட்டினாள். கதவைச் சாத்தினாள். ஹாலுக்குப் போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அப்பாவையே அந்தப் பக்கம் நடக்க விடவில்லை.

நாலாவது சோதனை யார் தெரியுமா? நானேதான்.

மதியம் இரண்டு மணி. நித்யா சாப்பிடப் போன நேரம். மெல்ல உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டேன். குளிர்ச்சியே இல்லை! கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. இப்போது திறந்தால் இரண்டு மணி நேரம் பழகலாம். மேடையில் தடுமாற மாட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? கை டேப்புக்குப் போய்விட்டது. இடது கைதான்.

எப்படியோ மனசை இழுத்துப் பிடித்து ஷாஜகான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தொட்டுப் பாத்து ஏமாறாத தங்கச்சி" என்றார். "பூப்பெட்டியும் வெளிய தொட்டா சூடாத்தான் இருக்கும். நடுவுல கைய விட்டாத்தான் தெரியும், இன்னும் சில்லுன்னு கெடக்கும். எத்தன வியாபாரி தொட்டுப் பாத்துப் பிரிச்சு நாசமாப் போயிருக்கான் தெரியுமா? நான் நாலு மணிக்கு வேனோட வாரேன். நீ கதவச் சாத்திட்டு வெளிய வா."

"ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா?" என்றார் கணவர், தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே. ஆறுவதற்கு இல்லை, சூடாவதற்கு என்று திருத்தினேன். "எதுவா இருந்தாலும் பொறுமைதான வேணும்" என்றார். இந்த மனுஷர் சரியாகப் பேசுகிற நேரங்கள் அபூர்வம்.

ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று நாலே காலுக்குப் பெட்டி வேனில் ஏறியது. மறுபடியும் சாக்கு. மறுபடியும் தெர்மோகோல். பசுமலையில் அந்தச் சின்ன ஹாலுக்குள் பிரிக்காத பெட்டியோடு நான் நுழைந்தபோது, எட்டு வயதும் பத்து வயதுமாக இருந்த சக மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆன்ட்டி, உள்ள என்ன?" "ஆன்ட்டி, ஏன் பிரிக்கல?" ஒவ்வொருவராக மேடைக்குப் போய் வாசித்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை. என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. உள்ளே வெடித்துப்போய்க் கிடந்தால்? இத்தனை பேர் முன்னால் பிரித்து, விரிசலைப் பார்த்துவிட்டு, மூடி எடுத்துக்கொண்டு போவேனா? போவேன் என்று முடிவு செய்தேன். ஆனால் ஆறரைக்கு முன்னால் பிரிக்க மாட்டேன்.

ஆறரை.

நித்யா கத்தரிக்கோலை நீட்டினாள். டேப்பை வெட்டினேன். அட்டை. அதற்குள் குமிழ் பிளாஸ்டிக். அதற்குள் கறுப்புக் கேஸ். ஷாஜகான் அண்ணன் சுவரோரம் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனையாகத்தான் இருக்கும். கேஸின் பூட்டுகளைத் தட்டி மூடியைத் தூக்கினேன்.

முதலில் வந்தது வாசம்.

இரண்டு நாள், அத்தனை கூடை மல்லிகைக்கு நடுவில் தங்கியிருந்ததல்லவா? உள்ளே போன வாசமெல்லாம் அடைபட்டுக் கிடந்து, மூடி திறந்ததும் மொத்தமாக எழுந்தது. ஹால் முழுக்க மல்லிகை. முன் வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பூ வைக்காதவர்கள் பக்கத்துத் தலையைப் பார்த்தார்கள்.

"பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க" என்றார் என் கணவர்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா மிஸ் கிடாரைத் தூக்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம். பின்பக்கம். கழுத்து சேரும் இடம். விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார்.

"ஒரு கோடுகூட இல்லக்கா."

ஷாஜகான் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைப்பவர் கண்ணையும் ஏன் அவ்வளவு அழுத்தித் துடைக்க வேண்டும்?

பயணத்துக்காகத் தளர்த்தியிருந்த கம்பிகளை மிஸ் முறுக்கிச் சுருதி சேர்த்தார். பிறகு என் மடியில் கொடுத்தார். தலைகீழாக இல்லை. இரவலாக இல்லை. கம்பிகள் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தன. நான் நேராகப் பிடித்தேன். இடது கை கம்பியைத் தொட்டது. அது தேடவே இல்லை. போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போனது.

மூன்றே கார்டில், அதாவது மூன்றே சுரக் கூட்டில், முடிகிற சின்ன ட்யூன். மிஸ் எனக்காகப் போட்டது. மூன்று நிமிஷத்தில் நாலு தப்பு விட்டேன். சுருதி இரண்டு தடவை இறங்கியது. புதுக் கம்பி அப்படித்தானாம். ஆனால் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். முடித்து நிமிர்ந்தபோது எட்டு வயதுச் சக மாணவன் ஒருவன் சத்தமாகக் கேட்டான். "ஆன்ட்டி எந்தக் கையில வாசிச்சாங்க?"

"அவங்க கையில" என்றாள் நித்யா.

நிகழ்ச்சி முடிந்து எல்லோருக்கும் இனிப்பு. மாணவர்களில் மூத்தவள் என்ற முறையில் மிஸ் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். என்ன இனிப்பு என்று கேட்க வேண்டுமா? லட்டேதான். வலது கையால், பார்த்துப் பார்த்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஷாஜகான் அண்ணன், சுவரோரம்.

வாசித்த மயக்கமோ என்னவோ, அவரிடம் வந்தபோது மறந்துவிட்டேன். லட்டை எடுத்து நீட்டியது இடது கை. பாதியில் உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போய்க் கையை இழுத்தேன். தட்டை அந்தக் கைக்கு மாற்றப் போனேன்.

"எதுக்கு மாத்துற?" என்றார் அண்ணன். "அந்தக் கையாலயே குடு தங்கச்சி. இன்னைக்கு வேலை பாத்த கை அதுதான?"

நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

முப்பத்து நாலு வருஷமாக அந்தரத்தில் நின்ற லட்டு அது. ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "சீனி கொஞ்சம் கூடுதல்" என்றார்.